ஐந்து டெமோக்களும் பதினொரு பாயிண்டும்

வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை என் போனில் ஒரு பட்டியல் வந்து விழும். "அக்கா, இந்த வாட்டி அஞ்சு" என்று ஆரம்பிக்கும். கீழே ஐந்து கம்ப்யூட்டர் கேம்களின் பெயர், ஐந்து லிங்க். எல்லாம் இன்னும் வெளிவராத கேம்கள். முழுசாக வெளியிடுவதற்கு முன்னால், ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்கட்டும் என்று ஒரு துண்டை மட்டும் சும்மா விடுவார்கள். அதற்கு டெமோ என்று பெயர். இப்படிப் பல கம்பெனிகள் சேர்ந்து ஒரே வாரத்தில் டெமோக்களைக் கொட்டும்போது, அதில் எனக்கு எது ஒத்துவரும் என்று பொறுக்கி அனுப்புகிறவன் என் தம்பி. என்னைவிட ஏழு வயது சின்னவன். பெங்களூரில் இருக்கிறான்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் இருபது வருஷமாக வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, சோற்றை வடித்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து படை நடத்துகிற பெண் இந்த ஊரில் என்னைத் தவிர இன்னொருத்தி இருந்தால் அவளைப் பார்க்க எனக்கு ஆசை. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா ஒருமுறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், லீவு நாள்லகூட ஆபீஸ் வேலையா?" என்றார். ஆமாம் என்றேன். அப்போது என் குதிரைப்படை ஒரு பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

ஓடி ஓடிச் சுடுகிற கேம் எனக்கு ஆகாது. தலை சுற்றும். கட்டம் கட்டமாகக் காய் நகர்த்துகிற ரகம்தான் என்னுடையது. நாம் ஓர் அடி வைத்தால் எதிரி ஓர் அடி வைப்பான். நம் முறை வந்துவிட்டால் அவன் அப்படியே நிற்பான். எழுந்து போய்ப் பால் காய்ச்சிவிட்டு வரலாம், மாடியில் துணி எடுத்துவிட்டு வரலாம், ஒன்றும் சொல்ல மாட்டான். கம்பெனியில் யாரும் எனக்காக ஒரு நிமிஷம் நிற்பதில்லை. வீட்டில் நிற்க ஆள் இல்லை. எனக்காகக் காத்திருக்கிற ஒரே ஜீவன் அந்த எதிரிதான் என்று நினைத்து நானே சிரித்துக்கொண்டதுண்டு. சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அம்மா போன பிறகு எனக்கும் தம்பிக்கும் பேச்சு வற்றிப்போனது. அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். போன் செய்தால் "சாப்டியா", "சாப்டேன்க்கா", "அங்க மழையா", "இல்லக்கா". அதற்கப்புறம் இரண்டு பேரும் மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம். பட்டியல் வந்தால் மட்டும் கதை வேறு. எந்த கேமில் எந்தக் காயை எப்படித் தள்ளினோம் என்று இரண்டு மூன்று வாரம் ஓடும். மூன்று மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறவன், இரண்டு வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட "வேலைக்கா" என்று சொல்லிவிட்டான். அதனால் அந்தப் பட்டியலை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் நான் மேடம், வீட்டுக்கார அம்மாவுக்கு மேடம், மளிகைக் கடைக்காரருக்கும் மேடம். பட்டியலும் நின்றுபோனால் என்னை அக்கா என்று கூப்பிட ஆள் கிடையாது.

இங்கே சாம்பிள் ரூமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் செய்த தப்பு அங்கே விளைந்தது.

வெளிநாட்டில் ஷூ வாங்குகிற வியாபாரி, எங்கள் பாஷையில் பையர், ஒரு டிசைன் அனுப்புவார். அதைப் பார்த்து நாங்கள் ஒற்றைக் கால் ஷூ ஒன்று செய்து அனுப்புவோம். ஜோடி கிடையாது, ஒரு கால்தான். அது விமானத்தில் போய்ச் சேர்ந்து, பத்துப் பதினைந்து நாளில் கமெண்ட் ஷீட் என்று ஒரு தாள் வரும். அதில் நல்லதாக ஒரு வார்த்தை இருக்காது. குதிகால் தையல் இறங்கியிருக்கிறது, நாக்கு கோணலாக இருக்கிறது, உள்துணியில் சுருக்கம் விழுகிறது என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டு வரும். எழுதாமல் விட்ட இடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இதில் விஷயம் என்னவென்றால், பையருக்கு ஷூ பிடிக்காவிட்டால் கமெண்ட் ஷீட்டே வராது. 'அருமையான முயற்சி, மிக்க நன்றி' என்று இரண்டு வரி மெயில் வரும். அவ்வளவுதான், அந்த ஷூவை மறந்துவிட வேண்டியது. வேண்டாத பொருளை எதற்கு ஒருத்தர் உட்கார்ந்து மில்லிமீட்டர் கணக்கில் அளக்கப்போகிறார்?

அதனால் எங்கள் ரூமில் பாராட்டு வந்தால் எல்லார் முகமும் தொங்கிப்போகும். மூன்று பக்கத்துக்குக் குறை வந்தால் ஆர்டர் வருகிறது என்று கட்டிங் மாஸ்டர் எல்லாருக்கும் டீ சொல்வார். அவருக்கு ஆற்காடு. வாரக் கடைசியில் ஊருக்குப் போய் வருகிறவர், நல்ல நீளமான கமெண்ட் ஷீட் வந்த வாரம் என்றால் திங்கட்கிழமை கையில் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா பெட்டியோடுதான் உள்ளே வருவார்.

இருபது வருஷம் இதிலேயே ஊறினால் ஒருத்தி என்ன ஆவாள்? நானே ஒரு கமெண்ட் ஷீட் ஆகிவிட்டேன். சர்ச் பாடகர் குழுவில் பதினைந்து பேர் பாடினால் சுருதி விலகுகிற ஒருத்தர் குரல்தான் என் காதில் விழும். பக்கத்து டேபிள்காரி புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தால், "பார்டர்ல ஒரு இழை பிரிஞ்சிருக்கு பார்" என்பேன். அந்தப் புடவை எனக்குப் பிடித்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம், உங்கள் செருப்பில் வலது கால் வார் ஒட்டு விட்டிருக்கிறது, பசை சரியில்லை என்று சொன்னேன். அவர் மேல் எனக்கு விருப்பம் இருந்தது. அவர் மறுபடி வரவில்லை.

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் வந்த பட்டியலில் வழக்கம்போல ஐந்து. ஆனால் வழக்கத்துக்கு மாறாகக் கீழே ஒரு வரி இருந்தது: "அஞ்சையும் ஆடிட்டு எது புடிச்சிருக்குன்னு எழுதுக்கா. நிஜமா எழுது." நான் எப்போது பொய்யாக எழுதினேன் என்று எனக்குச் சுருக்கென்றது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலாவது பனிமலையில் நடக்கிற சண்டை. என் லேப்டாப் மிக்சி மாதிரி சத்தம் போட்டது. பனி விழுவதை ரொம்ப நேரம் காட்டிவிட்டு, சண்டைக்கு வரும்போது டெமோவை முடித்துவிட்டார்கள். இரண்டாவதில், தானியக் கிடங்கை ஒரு எலிப்படை காவல் காக்கிறது. எலிகளுக்கெல்லாம் தொப்பி. சிரிப்பு வந்தது, அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது, தீவுக்குத் தீவு உப்பு ஏற்றிப் போகிற கப்பல்கள். கொட்டாவி விட்டேன். நான்காவது, போர்முனைக்கு ரயிலில் சோறும் குண்டும் அனுப்புகிற வேலை. மோசம் என்று சொல்ல முடியாது. எந்தப் பெட்டியை எங்கே கழற்றுவது என்று கொஞ்சம் யோசிக்க வைத்தது, பிறகு அதுவே திரும்பத் திரும்ப வந்தது.

ஐந்தாவதின் பெயரைத் தமிழில் சொன்னால் மறுகரை. இந்த ஐந்தில் இதுதான் ஏழை. கட்டம் போட்ட மணல். தூரத்தில் ஒரு புகைபோக்கி. இரண்டே இரண்டு காய்கள், இரும்புத் தொப்பி போட்ட பெரிய சிப்பாய் ஒன்று, சின்ன சிப்பாய் ஒன்று. சின்னவன் கையில் ஒரு பெட்டி. மணல் முழுக்கப் பள்ளங்கள், பள்ளங்களில் எதிரிகள். பன்னிரண்டு முறைக்குள் இரண்டு பேரையும் எதிர்க்கரை சேர்த்துவிட வேண்டும். கேட்க லேசாக இருக்கிறதா? அதில் ஒரு விதி. பெரியவன் மூன்று கட்டத்துக்கு மேல் முன்னால் போய்விட்டால், சின்னவன் நம் பேச்சைக் கேட்க மாட்டான். மணலில் உட்கார்ந்துவிடுவான். எத்தனை தட்டினாலும் அசைய மாட்டான். பெரியவன் திரும்பி வந்து பக்கத்தில் நின்றால்தான் எழுந்திருப்பான். அதற்குள் நான்கு முறை வீணாகியிருக்கும்.

அந்த கேம் என்னைப் பைத்தியமாக அடித்தது. ஞாயிறு மத்தியானம் ஆரம்பித்து, புதன் சாயங்காலத்துக்குள் ஒன்பது தரம் ஆடினேன். மாடியில் காயப்போட்ட துணி மழையில் நனைந்தது எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை கேன்டீனில் தயிர் சோற்றில் விரலால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டிங் மாஸ்டர் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், சோத்துல பேட்டர்ன் போடுறீங்க?" என்றார். ஒன்பதாவது தரம்தான் இரண்டு பேரும் மறுகரை சேர்ந்தார்கள். ஆள் இல்லாத வீட்டில் நான் கை தட்டினேன்.

அன்றைக்கே உட்கார்ந்து தம்பிக்கு எழுதினேன். முதல் நான்குக்கும் ஒவ்வொரு வரி. 'நல்லா இருக்கு', 'சூப்பர்', 'அழகா பண்ணியிருக்காங்க', 'நல்ல முயற்சி'. ஐந்தாவதுக்குக் கம்பெனி கமெண்ட் ஷீட் மாதிரியே நம்பர் போட்டுப் பதினொரு பாயிண்ட். அதில் சிலது இப்போதும் எனக்கு மனப்பாடம். மூன்று: ஆற்றில் தண்ணீர் இல்லை, படம் முழுசாக வரவில்லை என்று ஆடுகிறவர்கள் நினைப்பார்கள். நாலு: சின்னவன் உட்கார்ந்துகொள்கிற விதி அநியாயம், எடுத்துவிட வேண்டும். ஏழு: சின்னவன் கையில் இருக்கிற பெட்டியால் வேகம் குறைகிறதே தவிரப் பிரயோஜனம் எதுவும் இல்லை, பெட்டி எதற்கு? பதினொன்று: எதிர்க்கரையில் போய் நின்ற பிறகு ஒன்றும் நடக்கவில்லை, சப்பென்று முடிகிறது.

எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இருபது வருஷ சர்வீஸில் இதைவிட நல்ல கமெண்ட் ஷீட் நான் எழுதியதில்லை. அனுப்பினேன். உடனே நீல டிக் விழுந்தது. ரொம்ப நேரம் கழித்து, "சரிக்கா" என்று வந்தது. கொஞ்சம் பொறுத்து, "மத்த நாலும் புடிச்சிருந்துதா?" என்று கேட்டான். "நாலும் சூப்பர்டா" என்று போட்டேன். ஒரு கட்டைவிரல் அனுப்பினான். அதோடு சரி.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவன் வரவில்லை. நான் வாங்கி வைத்த கேக்கை வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தேன். போன் செய்தால் எடுப்பான், "வேலைக்கா" என்பான், வைத்துவிடுவான். வெயில் ஆரம்பித்தபோது அடுத்த டெமோ வாரம் வந்தது. லேப்டாப்பைத் திறந்தாலே விளம்பரம் தெரிந்தது. பட்டியல் மட்டும் வரவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்த வாட்டி லிஸ்ட் இல்லையாடா?" என்று கேட்டேன். "பாக்கறேன்க்கா" என்றான். பார்க்கவில்லை. நானே ஒன்றைத் தேடி எடுத்து ஆடினேன். கோட்டை முற்றுகை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆடி முடித்து யாருக்கு எழுதுவது? மூன்றாவது முறையிலேயே மூடிவிட்டேன்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று அப்போது யோசித்ததாகச் சொன்னால் அது பொய். எனக்கு அவன் மேல் கோபம்தான். பெங்களூர்க் கொழுப்பு, பெரிய மனுஷன் ஆகிவிட்டான், அக்கா கசந்துபோய்விட்டாள் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அவனைத் திட்டினேன். திட்டுவதற்காவது அவன் இருந்தானே.

ஆடி மாதத்தில் எங்கள் ரூமுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். டிசைன் படித்தவள். பையரோடு மெயிலில் பேசுகிற வேலை. அவள் முதன்முதலில் போட்ட டிசைனுக்கு ஒற்றைக் கால் ஷூ செய்து அனுப்பினோம். கமெண்ட் ஷீட் வந்தது, இரண்டரைப் பக்கம். அந்தப் பெண் அதைப் படித்துக்கொண்டே வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு டேபிளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. கட்டிங் மாஸ்டர் பதறிப்போய், "இன்னாமா ஆச்சு, ஊட்ல எதுனா பிரச்சனையா?" என்று கேட்டார்.

"எல்லாமே தப்புன்னு எழுதியிருக்காங்க சார். ஒண்ணுகூட நல்லா இல்லையாம்."

மாஸ்டர் தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "அய்ய, இதுக்கா அழுவுற? லிஸ்ட்டு எவ்ளோ பெருசா வந்துகீது பாரு. ஆர்டர் கன்ஃபார்ம்மா! கம்மியா வந்தாத்தான் நாம பேஜார் ஆவணும். இன்னா மேடம், சொல்லுங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் மாஸ்டர் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். கம்பெனிக்குள் காலே வைக்காத ஒருத்தர் இந்தத் தாளைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று இருபது வருஷத்தில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது. என் தம்பி எந்த ஷூ கம்பெனியிலும் காலை வைத்ததில்லை.

அன்றைக்கு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். பாவம், ஆசையாகப் பொறுக்கி அனுப்பினான், நான் குப்பை என்று சொல்லிவிட்டதாக நினைத்திருப்பான், அவ்வளவுதான் அப்போது என் எண்ணம். மறுகரை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று எழுதிவிட்டால் சரியாகிவிடும். வெளிவந்துவிட்டதா என்று பார்க்கலாம் என்று தேடினால் அந்தப் பக்கமே இல்லை. எடுத்துவிட்டார்கள் என்று ஒரு வரி மட்டும் இருந்தது. நல்லவேளை, என் லேப்டாப்பில் டெமோ அப்படியே இருந்தது. ஆடினேன். பழகிய கைதானே, முதல் தரத்திலேயே மறுகரை சேர்ந்துவிட்டேன்.

எந்த டெமோவும் முடிந்ததும், 'பிடித்திருந்தால் எங்கள் கேமை மறக்காதீர்கள்' என்று ஒரு பக்கம் வந்து கெஞ்சும். எனக்கு அந்தக் கெஞ்சல் பிடிக்காது. அது வருவதற்குள் மூடிவிடுவேன். மறுகரையையும் போன வருஷம் அப்படித்தான் மூடியிருந்தேன். இந்தத் தடவை கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கெஞ்சல் பக்கம் வந்தது, போனது. பிறகு கறுப்புத் திரையில் பொடி எழுத்தில் சில வரிகள். செய்தவர் என்ற இடத்தில் இரண்டு எழுத்து. முதல் எழுத்து எங்கள் அப்பாவின் இனிஷியல், இரண்டாவது என் தம்பி பெயரின் முதல் எழுத்து. அதற்குக் கீழே, பரிசோதித்தவர். எல்லாம் இங்கிலீஷில் இருக்க, அதற்கு எதிரில் மட்டும் தமிழில் ஒரே வார்த்தை. அக்கா.

நான் ஆடிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அதை அவன் எழுதி வைத்திருக்கிறான்.

அந்த மணலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இத்தனை தரம் பார்த்த மணல்தான். தண்ணீர் இல்லாத ஆறு பாலாறு இல்லாமல் வேறு என்ன? புகைபோக்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்மா வேலை பார்த்த தோல் பதனிடும் ஷெட். சின்னவன் கையில் இருந்தது அம்மாவுக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டு டப்பா. சனிக்கிழமை அரை நாள் ஸ்கூல் விட்டதும் நானும் அவனும் அதை எடுத்துக்கொண்டு ஆற்று மணலில் குறுக்கே நடப்போம். எனக்குப் பன்னிரண்டு, அவனுக்கு ஐந்து. டப்பாவை அவன்தான் தூக்குவான், கொடுக்க மாட்டான். மணல் சுடும். மணல் அள்ளிய பள்ளங்களில் நாய்கள் படுத்திருக்கும். நான் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று விறுவிறுவென்று நடப்பேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அவன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பான். "எழுந்து வாடா" என்று கத்துவேன். அசைய மாட்டான். அழவும் மாட்டான். கடைசியில் நான்தான் அலுத்துப்போய், "அங்கயே உக்காரு, வர்றேன்" என்று கத்திவிட்டுத் திரும்பி நடப்பேன். பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் எழுந்திருப்பான்.

அதைத்தான் நான் அநியாயமான விதி, எடுத்துவிடு என்று எழுதியிருந்தேன். அம்மாவின் சாப்பாட்டு டப்பாவைப் பிரயோஜனம் இல்லை என்று எழுதியிருந்தேன். லேப்டாப்பை மூடாமல் அதன் மேலேயே அழுதேன். என்னை நினைத்து எனக்கு அவ்வளவு அசிங்கமாக இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எழுதினேன். "டேய், எங்க கம்பெனில குறை நிறைய எழுதினா அந்த ஷூ புடிச்சிருக்குன்னு அர்த்தம். சூப்பர்னு சொன்னா வேணாம்னு அர்த்தம். உனக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தோணவே இல்ல. மத்த நாலும் எனக்கு வேணாம். உன்னோடத ஒம்போது வாட்டி ஆடினேன். மாடில துணி நனைஞ்சுது, தெரியல. நீ பண்ணதுன்னு தெரியாமலே ஆடினேன். இன்னிக்குத்தான் கடைசிப் பக்கம் பாத்தேன். ஆறு தெரிஞ்சுது. டப்பா தெரிஞ்சுது. நல்லா இருக்குடா. ரொம்ப நல்லா இருக்கு." மனசுக்குப் பிடித்த ஒன்றைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொல்வது எனக்குப் புதுசு. ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் பாதி போனது. கம்பெனியில் போன் அதிரும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பேன். எல்லாம் பேங்க் விளம்பரம். அந்தச் சென்னைப் பெண்ணின் ஷூவுக்கு ஆர்டர் வந்து, மாஸ்டர் மக்கன் பேடா கொடுத்தார். என் பங்கைப் பக்கத்து டேபிள்காரியிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. ஒரு ஃபைல். பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. பெயர் மறுகரை, அதற்குப் பின்னால் இரண்டு என்று நம்பர்.

போன வருஷம் எழுதிய பதினொரு பாயிண்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பேனாவோடு உட்கார்ந்தேன். பழக்கம் விடுமா? முதல் பாயிண்ட் சரியாகியிருந்தது. இரண்டாவதும். மூன்றாவதற்கு, ஆற்றில் இப்போதும் தண்ணீர் இல்லை, ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு வரி வருகிறது: 'இந்த ஆற்றில் தண்ணீர் கிடையாது. அப்படித்தான்.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயசிலிருந்தே வாய்க்கொழுப்பு. ஏழாவதும் பதினொன்றும் ஒன்றாகத் தீர்ந்திருந்தன. மறுகரை சேர்ந்ததும் புகைபோக்கிக்குக் கீழே ஒரு அம்மா வந்து உட்காருகிறாள், சின்னவன் பெட்டியைத் திறக்கிறான், அவள் சாப்பிடுகிறாள். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை கேம் காத்திருக்கிறது.

பத்துக்கு டிக் போட்டுவிட்டேன். நாலாவது மட்டும் பாக்கி. ஒருவேளை கவனிக்காமல் விட்டேனோ என்று மறுபடி ஆரம்பித்து, பெரியவனை வேண்டுமென்றே நான்கு கட்டம் முன்னால் தள்ளினேன். சின்னவன் உட்கார்ந்துவிட்டான். தட்டினேன், அசையவில்லை. அந்த விதியை அவன் தொடவே இல்லை.

பெரியவனைத் திருப்பவும் இல்லை, முன்னால் தள்ளவும் இல்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முறைதான், கேம் எனக்காக நின்றது. இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று அவன் வராததைக் கணக்கு வைத்திருந்தேன். அம்மா போன பிறகு அவன் எந்த வீட்டில் இருக்கிறான், அதற்கு எத்தனை ஜன்னல் என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்று மணி நேர ரயில்தானே என்று சொல்லிச் சொல்லித் திட்டினேனே, அந்த ரயிலில் நான் ஒரு தடவைகூட ஏறவில்லை.

திரும்பி நடந்து சின்னவன் பக்கத்தில் நின்று, இரண்டு பேரையும் கரை சேர்த்தேன். கடைசிப் பக்கத்துக்குப் பயந்துகொண்டே காத்திருந்தேன். அக்கா என்ற அந்த வார்த்தையை அவன் எடுத்துவிட்டிருந்தால் என்ன செய்வது? எடுக்கவில்லை. அதே இடத்தில், அதே தமிழில் இருந்தது.

போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"பாத்தியாக்கா?"

"பாத்தேன். நாலாவது பாயிண்ட் அப்படியே இருக்கு."

"அத மாத்த மாட்டேன்."

"மாத்தாதே."

அந்தப் பக்கம் ஏதோ ஆட்டோ ஹாரன் அடித்தது. பிறகு, "இதுக்காக வேலைய விட்டுட்டேன்கா. ரொம்ப நாளாச்சு. மொதல்ல அத எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்புறம் உன் பாயிண்ட் எல்லாம் பாத்தேனா, எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஊருக்கு வர்றதுன்னு இருந்துட்டேன்" என்றான். "இப்ப ஃபோன் வெச்சதும் கெளம்பட்டுமாக்கா? சாயங்கால ட்ரெயினுக்கு."

"வேணாம்" என்றேன். கழற்றிப் போட்ட செருப்பை ஒரு காலால் தேடிக்கொண்டிருந்தேன். "அங்கயே உக்காரு. நான் வர்றேன்."